மறுப்பில்லாத அட்டை

அவரை எல்லோரும் ஆனா சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அகராதி ஆபீசில் வேலை பார்க்கிறவர், அதனால் முதல் எழுத்தையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று வெளியார் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. யார் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அப்புறம் "எல்லாம் சரிதான், ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்த ஆனாதான். ஆமாம் சாமிகளுக்கு உலகத்தில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. ஒரே ஒரு ஆனா சார் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆபீசார் அவரைச் சகித்துக்கொண்டார்கள்.

பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. வேலை அப்படி ஆக்கிவிட்டது. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டே அறைகளில், ஒரு லத்தீன்–தமிழ் அகராதி முப்பது வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. "செத்த பாஷைக்கு எதுக்கு சார் அகராதி?" என்று மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்பார்கள். வைத்தியப் புத்தகத்திலும் சட்டப் புத்தகத்திலும் செடி கொடிகளின் பெயரிலும் அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று பதில் சொல்லிச் சொல்லி ஆபீசாருக்கு வாய் வலித்துவிட்டது.

வேலை நடக்கிற முறை இதுதான். சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் ஒருவர் நீல மசியில் சொல்லையும் அதன் பொருளையும் பிறப்பையும் எழுதுவார். பின்பக்கம் ஆனா சாருக்கு. அவருடைய பதவியின் பெயரே மறுப்பாளர். சிவப்பு மசியில் குறைந்தது மூன்று மறுப்பு எழுத வேண்டும். எழுதியவர் ஒவ்வொரு மறுப்புக்கும் கீழே பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். பதில் ஒத்துக்கொள்ளும்படி இருந்தால் மறுப்பாளர் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். பதில் வராத மறுப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் கையெழுத்து செல்லாது. போட்டிருந்தால் அடித்துவிட வேண்டும். அகராதியை ஆரம்பித்தவர் இந்த விதிகளைத் தன் கையால் எழுதி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேட்கிறவர்களுக்கு இது வீண் வம்பாகப் படும். ஆபீசில் யாரும் அப்படி நினைக்கவில்லை. அட்டை எழுதுகிற அம்மாளை அட்டையக்கா என்பார்கள். ஒருநாள் ஆனா சார் காய்ச்சலோடு வந்து, அவர் எழுதிய அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டுத் திருப்பிவிட்டார். அட்டையக்கா அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், என் மேல ஏதாவது கோபமா?"

"கோபமா? எதுக்கு?"

"பின்னால ஒண்ணுமே எழுதலையே. படிக்கக்கூட இல்லையா?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனா சார் காய்ச்சலோடு உட்கார்ந்து நான்கு மறுப்பு எழுதிக் கொடுத்தார். அட்டையக்கா சிரித்துக்கொண்டே போனார். மறுப்பது என்றால் உன்னை மதித்துப் படித்தேன் என்று அர்த்தம். அந்த இரண்டு அறைகளுக்குள் இது எல்லோருக்கும் தெரியும். அந்த அறைகளுக்கு வெளியே இதைத் தெரிந்திருந்த ஒரே ஆள் அவருடைய மகள்.

ஒரே மகள். ஏழு வயதில் அவளுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்டாள். "உங்கப்பாவைக் கேளு" என்றாள் அம்மா. அப்பாவைக் கேட்டால் ஆனா வரும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா கழித்துக் கட்டிக் கொண்டுவந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, எழுத்து ஒவ்வொன்றும் ஓர் இட்லி அளவு இருக்க, "எனக்கு நாய் வேண்டும்" என்று எழுதி அவர் சட்டைப் பையில் செருகினாள். அவர் ஆபீசில் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, சும்மா இருக்காமல், பின்பக்கத்தில் சிவப்பு மசியில் எழுதினார். ஒன்று, அதற்கு யார் சோறு போடுவது? இரண்டு, அது செருப்பைக் கடித்தால் யார் செருப்பு? மூன்று, அது செத்துப்போனால் அழுவாயா?

மறுநாள் பதில் வந்தது. "ஒன்று, நான். இரண்டு, உங்கள் செருப்பு. மூன்று, அழுவேன். அழுதால் என்ன?"

அந்த மூன்றாவது பதிலை அவர் அட்டையக்காவிடம் காட்டினார், பக்கத்து அறைக்காரரிடம் காட்டினார், காபி கொண்டுவந்தவரிடமும் காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். நாய் வந்தது. வால் சுருண்டிருந்ததால் அதற்குக் கால்புள்ளி என்று பெயர் வைத்தார்கள். சொன்னபடியே முதல் வாரத்தில் அவர் செருப்பைத் தின்றது.

அதிலிருந்து அந்த வீட்டில் எது வேண்டுமானாலும் அட்டைதான். சைக்கிள், தலைமுடியை வெட்டிக்கொள்வது, பள்ளிக்கூடச் சுற்றுலா, எல்லாம் அட்டை. ஆனா சாரின் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் வாய் இல்லையா? ஒரே வீட்டுக்குள்ள தபால் ஆபீஸ் நடத்துறீங்களே" என்பாள். அவர்கள் கேட்கவில்லை. பதினேழு வயதில் மகள் பிரசவம் பார்க்கிற படிப்புக்குப் போகவேண்டும் என்று அட்டை எழுதினாள். "ரத்தத்தைக் கண்டால் உனக்கு மயக்கம் வருமே" என்பது முதல் மறுப்பு. "என் ரத்தத்தைக் கண்டால்தான் வரும். பிறத்தியார் ரத்தத்துக்கு வராது. சோதித்துப் பார்த்துவிட்டேன்" என்று பதில் வந்தது. எங்கே சோதித்தாள் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

படித்து முடித்து ஊரிலேயே பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சின்ன உருவம். குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்பாவுக்கு அவளைப் பற்றிப் பெருமை தாங்காது. தாங்காததை வெளியே காட்டவும் தெரியாது. வெள்ளைச் சீருடையில் அவள் படியிறங்கும்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டிருப்பார்.

அப்போது அகராதி ஒகர எழுத்துக்கு வந்திருந்தது. ஒருநாள் அட்டையக்கா ஓர் அட்டை அனுப்பினார். சொல்: ஒப்ஸ்தெத்ரிக்ஸ். பொருள்: மருத்துவச்சி, பிரசவம் பார்ப்பவள். பிறப்பு: ஒப்ஸ்தாரே என்ற வினையிலிருந்து. ஒப்ஸ்தாரே என்றால் எதிர்த்தல், தடுத்தல்.

ஆனா சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையை வெளியே கொண்டுவருகிறவளுக்கும் தடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு ஊகம்? அட்டையை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அதைக் காட்டினார். மகள் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

"இதுல என்னப்பா சந்தேகம்? நாங்க எதிர்லதான் நிப்போம். பின்னால நின்னா குழந்தையை எப்படிப் பிடிக்கிறது?"

"அது முன்னால நிக்கிறது. எதிர்க்கிறது இல்லையே?"

"ரெண்டும் ஒண்ணுதான். அவ 'என்னால முடியாது, போதும், விட்ருங்க'ன்னு கத்துவா. நான் எதிர்ல நின்னு 'முடியாதுன்னு சொல்லாதே, என்னைப் பாரு'ம்பேன். அவளோட நான் சண்டை போட்டாத்தான் குழந்தை வரும். போன வாரம் ஒருத்தன், வலி நின்னுடுச்சு, பொண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பிட்டான். வாசல்ல குறுக்க நின்னுட்டேன். 'என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம்'னேன். என்னை விட ரெண்டு மடங்கு உயரம். நின்னுட்டான்ல? அன்னைக்கே குழந்தை பொறந்துது."

"அப்ப எதிர்ல நிக்கிறவ எதிரி இல்லையா?"

"எதிர் வீட்டு அத்தை நமக்கு எதிரியாப்பா?"

"அதை உங்கம்மாவைக் கேளு" என்றார் ஆனா சார். அடுக்களையிலிருந்து மனைவியின் சிரிப்புக் கேட்டது. எதிர் வீட்டு அத்தைக்கும் அவளுக்கும் தண்ணீர்க் குழாய் விஷயமாகப் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவர் மகள் சொன்னதை எல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அகராதியில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஆதாரம் புத்தகத்திலிருந்து வரவில்லை, சாப்பாட்டு மேஜையிலிருந்து வந்தது.

ஆனால் அதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு காயம் இருந்தது. முந்தின வருஷம் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார். அவளுக்கும் பிடித்திருந்தது. அட்டை வந்தது. ஆனா சார் பதினோரு மறுப்பு எழுதினார். அவர் கணக்கில் அது அன்பு. பதினோரு மறுப்புக்கும் பதில் தேடுவதற்குள் வந்தவருக்குப் பொறுமை போய்விட்டது; வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். மகள் மூன்று வாரம் அப்பாவோடு பேசவில்லை. பேசியபோது ஒரே வாக்கியம் பேசினாள். "சிவப்பு மசியால என் வாழ்க்கையை அடிச்சிடாதீங்கப்பா." பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனா சாருக்கு ஆகவில்லை. அந்த வாக்கியம் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த மேஜைப் பேச்சுக்குச் சில மாதம் கழித்து இன்னொருவர் வந்தார். எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய மலையடிவார ஊர். மரம் அறுக்கிற ஆலையில் மேற்பார்வையாளர். நல்ல பையன்தான், அமைதியான பையன். அம்மா பேச்சைத் தட்டாதவன் என்று வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஆனா சாரின் மனைவி அன்று அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"அவளுக்கு இருபத்தாறு ஆகுது. இந்த ஒரு தடவையாவது ஆனா சொல்லாம இருங்க. உங்க கையைக் காலா நினைச்சுப் பிடிச்சுக் கேக்கிறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஆபீசில் மேஜை மேல் அன்றைக்கு இருந்தது ஒப்ஸ்தாரே அட்டை. மருத்துவச்சிச் சொல்லின் தாய் கடைசியில் தானே வந்துவிட்டது. அட்டையக்கா அழகாகப் பிரித்து எழுதியிருந்தார். ஒப் என்றால் எதிரே. ஸ்தாரே என்றால் நிற்றல். ஸ்தானம், ஸ்தலம், ஸ்திரம் என்று நம் வாயில் புழங்குகிற வடசொற்களுக்கு ஒன்றுவிட்ட அக்கா. பொருள்: வழியில் நில், குறுக்கே நில், இடைஞ்சல் செய், கெடு.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். மகள் மேஜையில் சொன்னது எங்கே போயிற்று, முன்னால் நிற்பதுதானே முதல் பொருள் என்று கேட்டிருப்பார். அன்றைக்கு அவர் படித்தது ஒரு லத்தீன் வினையை அல்ல, தன்னுடைய முப்பது வருஷத்தை. வழியில் நிற்கிறவன். இடைஞ்சல். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவன். உச்சரிப்பைப் பற்றி உப்புச் சப்பில்லாத மூன்று மறுப்பு எழுதி, பதில் வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மகளின் அட்டை காத்திருந்தது. அவளும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அட்டையை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். கால்புள்ளி கிழடாகிப்போய் அவள் காலடியில் படுத்திருந்தது.

"நான் அவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன். அவருடைய ஊருக்குப் போகிறேன். வேலையை விடச் சொல்கிறார்கள். விடுகிறேன்." இவ்வளவுதான் அட்டையில்.

அவருக்கு மறுப்பு தேடவேண்டியிருக்கவில்லை. மூன்றும் தாமாகவே வந்து நின்றன. ஒன்று, வேலையை விட்டுவிட்டால் அங்கே நீ யார்? இரண்டு, அந்த ஊரில் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மூன்று, விடச் சொன்னவர்களிடம் நீ ஆனா என்று சொல்லிப் பார்த்தாயா? சிவப்புப் பேனாவை வெளியே எடுத்துவிட்டார், மூடியையும் திறந்துவிட்டார். அடுக்களை வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்தார். முள் நெஞ்சில் நெருடியது. பேனாவை மூடி, நீலப் பேனாவை எடுத்து, அட்டையின் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மகள் அட்டையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்துவிட்டு இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதாம்மா."

"ஆனா எதுவும் இல்லையா?"

"இல்லம்மா. நீ சந்தோஷமா இரு."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளும் அவரிடம் அதையேதான் எதிர்பார்த்து நின்றாள் என்பது அந்த மறுப்பாளருக்கு உறைக்கவில்லை. அட்டையக்கா வெறும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கண் கலங்கியது அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஆபீசில் நாலாயிரம் அட்டைக்கு வந்த புத்தி, வீட்டில் ஒரே ஓர் அட்டைக்கு வராமல் போய்விட்டது.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மனைவி அன்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்தாள்.

பதிவு ஆபீசில் கல்யாணம். பஸ் நிலையத்தில் வழியனுப்பினார்கள். ஜன்னல் வழியாக மகள் கையை நீட்டி அவர் சட்டைப் பையைத் தொட்டாள். அட்டை ஏதாவது வைக்கிறாளோ என்று பஸ் போன பிறகு பார்த்தார். பை காலியாக இருந்தது.

முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசினாள். அந்தக் குரலைக் கேட்க ஆனா சார் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் வாரத்துக்கு ஒரு தடவை. மூன்றாவது வருஷம் போனைக் காதோடு ஒட்டி வைத்தால்தான் கேட்டது. "நல்லா இருக்கேன்ப்பா." "சரிப்பா." "அத்தை சொல்றதும் சரிதான்ப்பா." சண்டை இல்லை, அடி உதை இல்லை, யாரைக் குற்றம் சொல்லவும் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற பெண்ணாக அவள் ஆகியிருந்தாள். ஆனா சாரின் மனைவி, "பார்த்தீங்களா, எவ்வளவு பக்குவமாயிட்டா" என்றாள். அவரும் தலையாட்டினார். உள்ளுக்குள் ஏதோ பிசகாக இருந்தது. என்ன பிசகு என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி வந்ததும் அந்தப் பிசகும் மறந்துபோனது. பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று அவள் பழைய அறைக்கு வெள்ளையடித்தார்கள்.

ஏழாவது மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் போன் அடித்தது. அட்டையக்காதான் எடுத்தார். கேட்டுவிட்டு, போனை ஆனா சார் பக்கம் நீட்டினார்.

அவர்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மாப்பிள்ளை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். ஆனா சாரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் சபிக்கவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

"காலையிலயே கொஞ்சம் ரத்தம் பட்டுது மாமா" என்றான். "ஆஸ்பத்திரி நாப்பது மைல். வாடகை வண்டி கூப்பிடவான்னு கேட்டேன். அம்மா, ஆலை வண்டி சாயங்காலம் போகும், அதுல போயிக்கலாம்னாங்க. நானும் சரின்னேன்."

"அவ?"

"அவளும் சரின்னுதான் சொன்னா மாமா."

ஆனா சார் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தன்னை விட இரண்டு மடங்கு உயரமானவனை வாசலில் மறித்து, என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம் என்றவள். ரத்தம் கண்டால் எத்தனை நிமிஷம் பொறுக்கலாம், எத்தனை நிமிஷம் பொறுக்கக்கூடாது என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள். அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் நிற்க யாரும் இல்லை. யாருக்கும் முன்னால் நிற்கிற வழக்கத்தை அவளும் விட்டுவிட்டாள். விடுகிறேன் என்று எழுதித்தானே கொடுத்தாள், நான் கையெழுத்துப் போட்டேனே என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது. வாய்விட்டு அழ வரவில்லை. பக்கத்தில் மனைவி அழுத அழுகை இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

அவளுடைய சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளையடித்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். யாரும் திறக்கவில்லை.

ஆனா சார் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். போகாமல் என்ன செய்வது? ஒகரத் தொகுதி அச்சுக்குத் தயாராகி, சரிபார்க்கிற தாள்கள் வந்திருந்தன. ஒப்ஸ்தாரே வந்ததும் அவர் நிறுத்தினார். அச்சுத்தாளிலும் கடைசியாக ஒரு தடவை மறுக்க மறுப்பாளருக்கு உரிமை உண்டு. அதுவரை அவர் அதைப் பயன்படுத்தியதில்லை.

"மேடம், பொருள் வரிசை தப்பு" என்றார்.

அட்டையக்கா வந்து எட்டிப் பார்த்தார். "நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். தப்பாப் போட்டேன். தடுக்கிறது, கெடுக்கிறதெல்லாம் பின்னால வந்த பொருள். முதல்ல, எதிர்ல நிக்கிறதுதான். ஒருத்தர் முகத்தைப் பார்த்து முன்னால நிக்கிறது. நாமளும் வர்றவங்களை எதிர்கொண்டுதானே கூப்பிடுறோம்?" அவர் அச்சுத்தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "எதிர்ல நின்னாத்தானே மேடம் ஒருத்தரைத் தடுக்கவும் முடியும், தாங்கவும் முடியும்?"

"அந்தப் பொருளுக்கு மேற்கோள் கொஞ்சம்தான் இருக்கு சார்."

"கொஞ்சம் போதும்."

அட்டையக்கா பேனாவை எடுத்தார். அச்சுத்தாளில் முதல் பொருளாக 'முன்னால் நில்' என்று எழுதினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனா சாருக்கும் அது தெரிந்திருந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி அந்த அறையைத் திறந்தாள். துணிப்பையைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து அவிழ்த்தாள். நான்கு புடவை. மடித்து வைத்த வெள்ளைச் சீருடை, மூன்று வருஷமாகப் போடாதது. அதற்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் அட்டைகள். நாய், சைக்கிள், சுற்றுலா, தலைமுடி, பிரசவப் படிப்பு. ஒன்றுவிடாமல் வைத்திருந்தாள். மனைவி ஒவ்வொன்றாகப் படித்து, அழுது, இடையில் "அழுதால் என்னவாம், பாருங்க" என்று சிரித்து, கடைசி அட்டைக்கு வந்தாள். அதைத் திருப்பினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏங்க. இதுல நீங்க எழுதலைன்னுதானே சொன்னீங்க?"

"எழுதலையே."

"எழுதியிருக்கே."

அவர் வாங்கிப் பார்த்தார். பின்பக்கத்தில் சிவப்பு மசி. சாய்வான எழுத்து, எண்ணைச் சுற்றி வட்டம், எல்லாம் அவர் எழுதுகிற மாதிரியே. னகரத்தின் சுழி மட்டும் அவருடையது இல்லை. இட்லி அளவு எழுதிய காலத்திலிருந்தே அந்தச் சுழி யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

ஒன்று, வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நீ என்னவாக இருப்பாய்? இரண்டு, அவசரம் என்றால் எங்கே ஓடுவாய், எத்தனை மைல்? மூன்று, அவர்களிடம் ஆனா சொல்ல உன்னால் முடியுமா, மகளே?

அவர் விழுங்கிய அதே மூன்று. வார்த்தைதான் கொஞ்சம் மாறியிருந்தது. அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; அவர் கேட்காததால் அவர் கையெழுத்தில் தானே கேட்டுப் பார்த்திருக்கிறாள். கீழே தேதி. அவர் நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்ட அதே நாள்.

ஒவ்வொரு மறுப்புக்கும் கீழே, நீல மசியில், அவளுடைய சொந்த எழுத்தில் 'பதில்' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருந்தாள். மூன்று இடத்திலும் அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

ஆனா சார் வாய்விட்டு அழுதார். இத்தனை மாதமாக வராத அழுகை. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அழுது முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அட்டையை முன்பக்கம் திருப்பினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இப்ப அடிச்சு என்னங்க ஆகப்போகுது?" என்றாள் மனைவி.

"மூணுக்கும் பதில் வரலையே. பதில் வராம நான் போட்டிருக்கக் கூடாது."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வாசல் வரைக்கும் வந்து தான் கேட்டதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என் பங்குக்கும் ஒரு கோடு போடுங்க" என்றாள்.

ஆனா சார் அவள் முகத்தைப் பார்த்தார். ஆனா என்று ஒன்றும் சொல்லவில்லை. முதல் கோட்டுக்குக் கீழே இரண்டாவது கோட்டையும் போட்டார்.